கிழிந்த வலையின் முன்

எங்கள் பங்கு இல்லத்துக் கணக்கேட்டில் ஒரு பக்கம் நெடுநாள் முடிக்கப்படாமல் கிடந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் பள்ளியின் கால்பந்து அணியை இலங்கைக்கு அழைத்துச் சென்ற எட்டு நாள் பயணத்தின் வரவு செலவு அது. 'போட்டி', 'சுற்றுலா', 'சேவை' என்று மூன்று தலைப்புகளை என் கையாலேயே எழுதியிருந்தேன். முதல் இரண்டையும் கூட்டிக் கோடு போட்டுவிட்டேன். மூன்றாவதன் கீழ் ஒரு தொகையை எழுதினேன். பிறகு அதை அடித்தேன். அதன்பின் ஒன்றும் எழுதவில்லை. கணக்குப் பார்க்க வந்த பங்குப்பேரவை நண்பர் காரணம் கேட்டார். அவருக்கு அன்று சொல்ல இயலாததை இங்கே எழுத முயல்கிறேன்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நங்கூரமிட்டு நிற்கும். சில படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றிச் சாயம் பூசுவார்கள். பள்ளிக்கும் அதே காலத்தில் விடுமுறை. அந்த இடைவெளியில்தான் பயணத்தைத் திட்டமிட்டோம். மாணவர் பதினெட்டுப் பேர், ஆசிரியர் இருவர், அவர்களோடு நான்.

செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டவர்கள் ஊரிலுள்ள விசைப்படகு உரிமையாளர்கள். அணித்தலைவனின் தந்தை இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரர். பிள்ளைகளின் சீருடை முழுவதையும் அவரே வாங்கித் தந்தார். நீல நிறச் சட்டை. நெஞ்சில் பள்ளியின் முத்திரை. அதன்கீழ் சிறியதாக ஒரு படகின் உருவம். அந்தப் படகையும் சில ஆண்டுகளுக்கு முன் மந்திரித்துக் கடலில் இறக்கியவன் நான்தான்.

விளையாட்டும் வேடிக்கையும் மட்டும் என்றால் இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்பார்களே என்று எண்ணி, பயணத்தில் ஒரு நாளைச் 'சேவை நாள்' ஆக்கினேன். மன்னார்த் தீவில் எனக்கு அறிமுகமான குரு ஒருவரின் பங்கிலுள்ள மீனவக் கிராமத்தில் பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசுவது, பிள்ளைகளுக்கு இருநூறு குறிப்பேடுகள் வழங்குவது. ஞாயிறு மறையுரையில் பெருமிதத்தோடு அறிவித்தேன்: "நம் பிள்ளைகள் வாங்கப் போகவில்லை, கொடுக்கப் போகிறார்கள்." திருப்பலி முடிந்ததும் மீன் விற்கும் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, நம்ம ஊர்ல வெள்ளையடிக்கச் சுவரே இல்லையா?" நான் சிரித்துக்கொண்டே நல்ல சமாரியரின் உவமையைச் சொல்லி அவரை அனுப்பி வைத்தேன். அந்த உவமை அவரைவிட எனக்கே அன்று அதிகம் தேவைப்பட்டது என்பதை அறியாதிருந்தேன்.

மன்னாரைத் தேர்ந்ததற்கு என் மனத்துக்குள் இன்னொரு காரணமும் இருந்தது. 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலங்கையில் போர் மறுபடியும் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து மக்கள் படகு படகாக எங்கள் கரைக்கு வந்து இறங்கினார்கள். அப்போது நான் குருமட மாணவன். விடுமுறையில் வந்திருந்த எங்களை ஆயர் இல்லத்தார் மண்டபம் முகாமுக்கு அனுப்பினார்கள். பெரிய அண்டாவிலிருந்து கஞ்சி மொண்டு ஊற்றினேன். நனைந்த துணியோடு வரிசையில் நின்றவர்களின் முகங்கள் என் அழைத்தலை உறுதி செய்தன என்று பின்னாளில் பல மறையுரைகளில் சொல்லியிருக்கிறேன். அந்த மக்களின் ஊருக்கு, கொடுப்பவனாகவே இன்னொரு முறை போகப் போகிறேன் என்ற இனிய நினைவு எனக்கு இருந்தது.

மே 2-ஆம் நாள் மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறந்தோம். ஒரு மணி நேரப் பயணம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். 1964-ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அங்கிருந்து கப்பலேறிய நம் முன்னோர் ஓரிரு மணி நேரத்தில் தலைமன்னார்த் துறையில் இறங்கி இரயில் பிடித்தார்கள். நாங்களோ எதிர்க்கரையை அடைவதற்கு வானில் பறந்து, பின்பு சாலை வழியே முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

முதல் இரண்டு ஆட்டங்களும் நீர்கொழும்பில். முதல் நாள் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். ஈரக்காற்றில் எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. நல்ல புல்தரையில் பந்து ஓடும் வேகமும் அவர்களுக்குப் பழக்கமில்லை. அடுத்த நாள் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலை. அந்த ஒரு கோலை அடித்தவன் அணித்தலைவன். அன்றிரவு விடுதியில் நடந்த ஆரவாரத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் உலகக் கோப்பையையே வென்றதாக எண்ணியிருப்பார்கள்.

மறுநாள் காலை கட்டுவாப்பிட்டியிலுள்ள புனித செபஸ்தியார் ஆலயத்துக்குப் போனோம். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியின்போது குண்டு வெடித்த ஆலயம். அன்று நாட்டின் பல இடங்களில் நடந்த தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்த ஓர் ஆலயத்தில் மட்டுமே நூறு உயிர்களுக்கு மேல் போயின. இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தைக் கழுவாமல் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மாணவர்கள் தாமாகவே செருப்பைக் கழற்றினார்கள். வயது முதிர்ந்த அம்மா ஒருவர் அருகில் வந்து, உடைந்த தமிழில், எந்த ஊர் என்று கேட்டார். அவருடைய பாட்டியார் தமிழில்தான் செபமாலை சொல்வாராம். "நாங்கள் என்ன செய்யட்டும், அம்மா?" என்று கேட்டேன். "கொஞ்சம் உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தோம். அவ்வளவே.

மே 5 வெசாக் பௌர்ணமி. அன்று அநுராதபுரத்தில் இருந்தோம். புத்தகயையின் போதி மரத்திலிருந்து சங்கமித்தை கொண்டுவந்ததாகப் போற்றப்படும் கிளையின் வழிவந்த மரத்தையும், உருவன்வெலிசாய என்னும் வெண்ணிறப் பெருந்தூபியையும் கண்டோம். மாணவர்களைக் கவர்ந்தவை அவையல்ல. வழியெங்கும் 'தன்சல்' என்னும் அன்னதானப் பந்தல்கள் இருந்தன. போகிற வண்டிகளையெல்லாம் கைகாட்டி நிறுத்திச் சோறும் தேநீரும் கொடுக்கிறார்கள். எங்கள் வண்டியையும் நிறுத்தினார்கள். எந்த நாடு, எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லை. கொடுத்த இளைஞன் தட்டை இரு கைகளாலும் நீட்டித் தலை தாழ்த்தினான். "சாமி, கொடுக்கிறவர் எதுக்குக் குனியணும்?" என்று எங்கள் கோல்காப்பாளன் கேட்டான். சோறு ருசியாக இருக்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். விடை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் மடு அன்னையின் திருத்தலம். டச்சுக்காரர் காலத்தில் கத்தோலிக்கருக்கு நேர்ந்த துன்பத்தால் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்ட திருச்சுருவம் அது. போர் மூண்ட ஆண்டுகளில் அந்தக் காடே பல்லாயிரம் மக்களுக்குப் புகலிடமானது. 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில், சண்டை வாசலுக்கே வந்துவிட, அன்னையின் சுருவமும் இடம்பெயர்ந்து போக நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மண்ணில் நின்று செபித்தார். இவற்றை மாணவர்களுக்குச் சொன்னேன். மண்டபத்தில் நான் கஞ்சி ஊற்றிய கதையையும் சற்று விரிவாகவே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்தில் திருப்பலி நிறைவேற்றினேன். ஞாயிறன்று அங்கே எவரும் கடலுக்குப் போவதில்லை. திங்கள் காலை சாய வாளிகளையும் குறிப்பேட்டுக் கட்டுகளையும் இறக்கினோம். பங்குத் தந்தை சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பாதர், சுவருக்குப் பெருநாளுக்கு முன்னமே சாயம் அடிச்சுப் போட்டம். நீங்கள் ஆசையாகச் சொன்னபடியால் மறுக்க மனம் வரேல்ல. கொப்பிகளைக் குடுங்கோ. பிறகு, பிள்ளையள் விரும்பினால் கரையில வந்து இருக்கட்டும். அங்க கை வேணும்."

பார்த்தபோது, வெள்ளை குறையாத சுவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு உள்ளூர எரிச்சல். திட்டமிட்ட சேவையை எங்கள் கையிலிருந்து பறித்துவிட்டாரே என்று.

கரையில் தென்னங்கீற்று வேய்ந்த ஒரு நீண்ட கொட்டகை. அதனுள் மலைபோல் வலைகள். பெண்களும் முதியவர்களும் வட்டமாய் அமர்ந்து பொத்திக்கொண்டிருந்தனர். எங்கள் பிள்ளைகள் கடற்கரைப் பிள்ளைகள். பலருக்கு வலை ஊசி பிடிக்கத் தெரியும். அவர்கள் மகிழ்ச்சியோடு உட்கார்ந்துவிட்டனர். எனக்குத்தான் செய்ய ஒன்றுமில்லை. ஒரு கவிழ்த்த மீன்பெட்டியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அணித்தலைவனுக்கு ஒரு வலையின் முனையைக் கொடுத்தார். அவன் அதை விரித்தான். இரண்டு பாகம் நீளத்துக்குக் கண்ணிகள் சிதறி, மிதப்புக் கயிறு அறுந்து, ஈயக்குண்டுகள் போன வலை. அவன் கிழிசலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஆமை மாட்டினால் ஒரு விதமாகக் கிழியும். பாறையில் சிக்கினால் ஒரு விதமாகக் கிழியும். அவனுக்கு அது தெரியும்.

"தாத்தா, இது பலகை இழுத்த கிழிசல்" என்றான்.

கடலடியை அரித்துக்கொண்டு போகும் இழுவைமடியின் வாயை விரித்து வைப்பதற்காக இரு பக்கமும் கட்டப்படும் கனத்த பலகையை அவன் சொன்னான். பெரியவர் நிமிர்ந்து அவனையும், அவன் சட்டையிலிருந்த படகின் உருவத்தையும் பார்த்தார்.

"ஓம், தம்பி. ஏப்ரல் முதல் கிழமை கிழிஞ்சது."

ஏப்ரல் முதல் வாரம். தடைக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு.

அருகிலிருந்த பெண் ஒருவர், கை ஓயாமல் பேசினார். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் எல்லை கடந்து வருமாம். அந்த இரவுகளில் அவர்கள் வலை போடுவதில்லை. போட்டால் விடியும்போது வலை இருக்காது. வாரத்தில் மூன்று இரவுகள் கடல் அவர்களுக்கு இல்லை, ஞாயிறு ஆண்டவருக்கு. "உங்கட தடைக்காலம்தான் எங்கட பெருநாள், சுவாமி. இந்த ரெண்டு மாதம்தான் நித்திரை கொள்ளுறம்" என்றார். 2022-ஆம் ஆண்டு நெருக்கடியில் மண்ணெண்ணெய் விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியபோது படகு இறக்கவே வழியில்லாமல் இருந்ததையும் சொன்னார். பிறகு தம் வெறுங்கையை நீட்டிக் காட்டினார். "இந்த வலை என்ர காப்பு" என்றார். அடகு வைத்து வாங்கிய வலை.

எனக்கு இவை புதிய செய்திகளா? அப்படிச் சொன்னால் பொய் சொன்னவனாவேன். எல்லாம் செய்தித்தாளில் வந்தவை. கடலடியை அரிக்கும் இழுவைமடியை 2017-ல் இலங்கை சட்டத்தால் தடை செய்ததும் எனக்குத் தெரியும். எங்கள் மீனவர்கள் கைதாகும்போதெல்லாம் கண்டனக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அவர்களுடைய மனைவியரோடு அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆயினும், அந்தப் படகுகள் எதிர்க்கரையில் எதை இழுத்துச் சென்றன என்ற கேள்வியை என் பீடத்திலிருந்து ஒருநாளும் எழுப்பியதில்லை. தெரிந்திருந்தேன்; ஆனால் பார்க்கவில்லை. சமாரியரின் உவமையில் வரும் குருவும் காயப்பட்டவனைக் கண்டுவிட்டுத்தான் விலகிப் போனார் என்பதை எத்தனை முறை பிறருக்கு விளக்கியிருக்கிறேன்!

அணித்தலைவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டான். முகம் சிவந்திருந்தது. "தாத்தா, எங்க அப்பாவும் விசைப்படகுதான் வச்சிருக்காரு. ரெண்டு படகு" என்றான்.

எவரும் அவனைக் கேட்கவில்லை. அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். கொட்டகையில் ஊசிகள் நின்றன. எங்கள் ஆசிரியர் ஒருவர் என்னைப் பார்த்தார். ஏதேனும் சொல்லிச் சூழலைக் காப்பாற்றுங்கள் என்பது அந்தப் பார்வையின் பொருள். என் நெஞ்சில் முப்பதாண்டு மறையுரைகள் இருந்தன. நாவில் ஒரு சொல்லும் இல்லை.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஊசியை எடுத்து அவன் கையில் வைத்தார். "பிடி தம்பி. நீ போட்ட கண்ணி பெருசாப் போகுது. இறுக்கிப் பிடிச்சு முடி" என்றார்.

அவன் முடிந்தான். கண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. மற்ற பிள்ளைகளும் தொடர்ந்தார்கள். நண்பகல்வரை ஒருவரும் அதிகம் பேசவில்லை.

மதியம் நான் பெரியவரிடம் போய் அமர்ந்தேன். மண்டபம் முகாமைப் பற்றிச் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் கணக்கிலும் கொஞ்சம் வரவு இருக்கிறது என்று காட்டுவதற்காகவே சொல்லியிருப்பேன்.

அவர் கண்களில் ஒளி வந்தது. "நானும் அங்க இருந்தனான், சுவாமி. தொண்ணூறில வந்தது. என்ர கடைசி மகள் அங்கதான் பிறந்தவ. உங்கட ஆக்கள் எங்களுக்குச் சோறு தந்தவை, உடுப்புத் தந்தவை. அதை மறக்கேல்ல." சிறிது நிறுத்தினார். கிழிந்த வலையைக் கையால் தொட்டார். "இதையும் மறக்கேல்ல."

கோபமில்லை, குறைப்பதற்கோ கூட்டுவதற்கோ முயற்சியுமில்லை. அவருடைய நினைவில் இரண்டும் தனித்தனியே நின்றன. ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்க முயன்றவன் நான்.

குருமடத்தில் படித்த ஒரு பாடம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட ஏட்டின் எட்டாம் எண்ணில் ஓர் எச்சரிக்கை உண்டு. நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அன்பின் கொடை என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. முதலில் நீதியின் கோரிக்கை நிறைவேற வேண்டும் என்பது அதன் கருத்து. தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அன்று காலை நாங்கள் வழங்கிய இருநூறு குறிப்பேடுகளும் எந்தப் பணத்தில் வாங்கியவை? அந்தப் பணத்தில் ஒரு பங்கு எந்தக் கடலிலிருந்து வந்தது? அந்தப் பிள்ளைகளின் தந்தையர் வலையிலிருந்து போனதில் ஒரு துளியை அழகிய அட்டை போட்டு அவர்களிடமே கொடுத்துவிட்டு, நன்றிப் பாடல் ஒன்றையும் கேட்டு வாங்கியிருந்தோம்.

அன்று மாலை கிராமத்துப் பிள்ளைகளோடு ஆட்டம். மணல்தரை, பெருங்காற்று. பந்தை உயர அடித்தால் காற்று திருப்பிக் கொண்டுவந்தது. எங்கள் பிள்ளைகள் நீலச் சட்டையைப் புறம் திருப்பி அணிந்து வந்தார்கள். யார் சொல்லிச் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கலந்து மணலில் அமர்ந்து தேநீர் குடித்தார்கள். பெரியவர் அணித்தலைவனை அழைத்து, "பந்தை விட வலைதான் உனக்கு நல்லா வருகுது" என்றார். பயணத்தில் அந்தப் பையன் மனம் விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஊர் திரும்பினோம். எளிதான பகுதி அதோடு முடிந்தது.

தடைக்காலம் முடிகிற வாரம் படகுகளை மந்திரிக்க அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். திருச்சபையின் ஆசியுரை நூலில் படகுகளுக்கும் மீன்பிடிக் கருவிகளுக்கும் தனி வழிபாட்டு முறையே உண்டு. அதற்கு முந்தைய ஞாயிறு, மறையுரையில் நான் கண்டதைச் சொன்னேன். யாரையும் திருடர் என்று சொல்லவில்லை. காப்பை அடகு வைத்த பெண்ணைப் பற்றியும், பெரியவர் சொன்ன இரண்டு வாக்கியங்களைப் பற்றியும் மட்டும் சொன்னேன். பாதியில் சிலர் எழுந்து வெளியே போனார்கள்.

அன்றிரவு அணித்தலைவனின் தந்தை பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் கடன் பத்திரங்கள். கோபமாகத்தான் தொடங்கினார், போகப்போகக் குரல் உடைந்தது. "சாமி, விசைப்படகு கட்டு, இறால் பிடி, நாடு முன்னேறும்னு எங்க அப்பா காலத்துல அரசாங்கம்தான் சொல்லிக் கொடுத்துச்சு. மானியமும் கொடுத்துச்சு. கரைக்குப் பக்கத்துல நாங்க மடி போடக் கூடாது. அதுக்கு அந்தப் பக்கம் கொஞ்சத் தூரத்துல எல்லை வந்துடுது. இந்தப் பக்கத்துல மீனும் இல்ல. ஒரு படகுக்கு ஆறு குடும்பம். நான் எங்க போய் வலை போடுறது? எங்க ஆளுங்கள அவங்க கப்பற்படை பிடிச்சப்போ நீங்கதானே எங்களோட நின்னீங்க?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. இந்தோ நார்வே திட்டம் முதலாக இழுவைமடியை ஊக்குவித்த கதை நாடறிந்தது. 1974-லும் 1976-லும் கடலில் எல்லை வகுத்தபோது எங்கள் ஊர் மீனவரை எவரும் கேட்கவில்லை. இழுவைப் படகுக்கு மாற்றாக ஆழ்கடல் படகு தரும் திட்டம் 2017-ல் வந்தது. ஆனால் அந்தப் படகுக்கு வேண்டிய முதலும் பழக்கமும் எங்கள் ஊரில் பலருக்கு இல்லை. கடனில் மூழ்கியவனிடம் 'விட்டுவிடு' என்று சொல்லிவிட்டு, மாதந்தோறும் உணவு மேசைக்கு வந்து சேரும் குருவானவன் உறங்கப் போவது நீதியாகுமா? அவரிடம் என்னால் ஒன்றுதான் சொல்ல முடிந்தது. "உங்கள் துன்பத்தோடு நான் இன்னும் நிற்கிறேன். ஆனால் இனி அந்தக் கரையின் துன்பத்தையும் மறைத்துக்கொண்டு நிற்க மாட்டேன்." அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

படகுகளை மந்திரித்தேன். மறுக்கவில்லை, கடலில் போவது உயிர்களல்லவா? நூலிலுள்ள செபத்தோடு ஒரு மன்றாட்டைச் சேர்த்தேன்: இந்தப் படகுகள் எவருடைய வலையையும் அறுக்காமல் திரும்பி வர வேண்டுமென்று. சிலர் 'ஆமென்' சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் நடக்கிறது. சொல்பவரின் எண்ணிக்கை சற்றுக் கூடியிருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

சக்கேயுவின் வரலாற்றில் ஒன்றை முன்பு நான் கவனித்ததில்லை. ஆண்டவர் அவரிடம் கணக்குக் கேட்கவே இல்லை. அவருடைய வீட்டுக்கு விருந்தாளியாக மட்டுமே வந்தார். அந்த வருகையே சக்கேயுவைப் பேச வைத்தது. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவராகவே எழுந்து சொன்னார். மன்னார்க் கொட்டகையில் எவரும் கேட்காமல் வாய் திறந்த சிறுவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடு நினைவுக்கு வருகிறது. நான் அவர்களுக்குச் சேவை செய்யத் திட்டமிட்டேன். ஆண்டவரோ எங்களை அவர்கள் நடுவே உட்கார வைக்கத் திட்டமிட்டிருந்தார். அநுராதபுரத்துப் பந்தலில் சோறு கொடுத்த இளைஞன் ஏன் குனிந்தான் என்பதும் இப்போது சற்றுப் புரிகிறது. கொடுப்பது தன்னுடையது என்று நினைப்பவனுக்குக் குனிய வராது.

அடுத்த ஆண்டுத் தடைக்காலத்தில் மாணவர்கள் வெளிநாட்டுப் பயணம் கேட்கவில்லை. எங்கள் ஊரிலேயே நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளும் இழுவைமடியில் சிக்கிக் கிழிவதுண்டு. அவர்களோடு அமர்ந்து பொத்தினார்கள். கூலியாகக் கிடைத்ததையும் தங்கள் சேமிப்பையும் சேர்த்து நைலான் நூல் கண்டுகள் வாங்கினார்கள். அணித்தலைவனின் தந்தையும் அதில் ஒரு தொகை சேர்த்தார் என்று பின்னர் அறிந்தேன். அவர் இன்னமும் இழுவைமடிதான் வைத்திருக்கிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. நூல் கண்டுகளை இலங்கைக்குத் திருப்பயணம் போனவர்கள் வழியே அனுப்பினோம். சில வாரம் கழித்துப் பெரியவரிடமிருந்து பங்குத் தந்தை மூலமாகச் செய்தி வந்தது: "நூல் கிடைச்சது. தம்பி முடிஞ்ச இடம் இன்னும் அறேல்ல."

அன்றுதான் கணக்கேட்டை மறுபடியும் திறந்தேன். 'சேவை' என்ற தலைப்பை அடித்துவிட்டு, அதன் மேலே 'கடன்' என்று எழுதினேன். தொகை எழுத வேண்டிய இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன். அது நாங்கள் எழுத வேண்டிய எண் அன்று. கணக்குப் பார்க்க வரும் நண்பர் இம்முறையும் கேட்டால், இந்தப் பக்கங்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.